வெள்ளைச் சட்டையும் பச்சைத் துண்டும்

போன வருஷம் ஜூன். சந்தூர் பக்கத்தில் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பில் பெங்களூரா மாங்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்றரை இருக்கும். தரகரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒற்றை வரி: "இன்னைக்கு 16. லோடு ஏத்தலாமா?" அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோனார், எட்டிப் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார், உள்ளங்கையைக் குடை மாதிரி வைத்துப் பார்த்தார். 18 என்று தெரிந்தது. கட்டைவிரல் பொம்மையைத் தட்டிவிட்டு லாரிக்காரரைக் கூப்பிட்டார். எட்டு டன் காய். கூழ் ஆலையில் எடை போட்டு, சீட்டு வந்து, பணத்தை எண்ணும்போதுதான் விஷயம் தெரிந்தது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் என்றால் எட்டு டன்னுக்கு 16,000. பதினாறு என்று தெரிந்திருந்தால் பாதியோடு பறிப்பை நிறுத்திவிட்டு வேறு மண்டியைக் கேட்டிருப்பார்.

தரகர் மேல் தப்பே இல்லை. செய்தி இன்னும் அந்தப் போனில் இருக்கிறது. அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அதே செய்தியை, கண்ணாடியைக்கூடத் துடைக்காமல், "பதினாறு" என்று அப்பா கடகடவென்று படித்தாராம். அதுதான் அவரை ரொம்ப உறுத்தியது என்று அம்மா போனில் சொன்னாள். பணம் போனதைவிட, காலையில் தெரியாதது மாலையில் தெரிந்ததே, அது.

அப்பாவுக்கு 17 வருஷமாகச் சர்க்கரை. மூன்று வருஷம் முன்னால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தார்கள். கெட்டுப்போன ரத்தக் குழாய்கள் விழித்திரையின் நடுப்பகுதியையும் கெடுத்துவிடக் கூடாதென்று, ஓரப் பகுதியில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சுட்டு அடக்குகிற சிகிச்சை. ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றுவது. பார்வை நின்றது, அது பெரிய விஷயம். ஆனால் வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தால் அவருக்கு ஐந்து நிமிஷம் ஒன்றும் பிடிபடாது. மங்கலான எழுத்து என்றால் அறவே தெரியாது. "புதுக் கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். ஆகாது. கண்ணாடி கூர்மையைத்தான் சரி செய்யும், மங்கலை இல்லை.

இந்த வித்தியாசம் எனக்கே புரிந்தது ஒரு பரிசோதனை அறையில்தான். நமக்கெல்லாம் தெரிந்த கண் பரிசோதனைப் பலகை, மேலே பெரிய எழுத்து கீழே சின்ன எழுத்து, 1862-இல் ஸ்நெல்லன் என்ற டச்சு மருத்துவர் போட்டது. வெள்ளையில் கன்னங்கரேல் எழுத்து. அதில் அப்பா 6/18 வரை வந்தார், மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை அவர் 6 மீட்டரில் படிக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் அங்கிருந்த பெண் வேறொரு பலகையைத் தொங்கவிட்டார். 1988-இல் வந்த பெல்லி-ராப்சன் பலகை. எல்லா எழுத்தும் ஒரே அளவு, நல்ல பெரிய எழுத்து. மும்மூன்று எழுத்தாகப் போகப் போகக் கருமை குறைந்து சாம்பலாகி, கடைசியில் வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துவிடும். நான் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தேன். அப்பா பாதிக்கு முன்னாடியே நின்றுவிட்டார். "அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதலையே" என்றார். எழுதியிருந்தது. அவருக்கு அது வெறும் பலகை.

வெயிலில் போன் திரை என்பது அந்தப் பலகையின் கீழ்ப்பாதிதான். பதினாறு ரூபாய் செய்தி அங்கேதான் காணாமல் போனது.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி சும்மா இருக்கவில்லை. "நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்க்கா, இ.எம்.ஐ. போட்டுக்கலாம்" என்று கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் படத்தை அனுப்பினான். 2024-இல் வந்தபோது அதன் ஆரம்ப விலை 1,29,999. அதன் கண்ணாடி பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அது விளம்பரப் பேச்சு மட்டும் இல்லை. கடையில் பக்கத்துப் போனோடு வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது. வெயிலுக்கு இன்றைக்கு நல்ல திரை எது என்று யாராவது கேட்டால் அந்த வகைக் கண்ணாடியைத்தான் சொல்வேன். ஆனால் மாமரத்தில் ஏறி இறங்குகிற ஆள், போனைக் காய்க் கிரேட்டுக்கு நடுவில் போட்டுவிட்டுத் தேடுகிற ஆள், ஒன்றே கால் லட்சத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக வேலை பார்ப்பார்? "அதுக்கு ஒரு ஆள் காவல் போடணும் பாப்பா" என்றார் அப்பா. விஷயம் முடிந்தது.

படிக்க முடியாவிட்டால் என்ன, போனே வாசித்துக் காட்டுமே என்று நானும் நினைத்தேன். ஆண்ட்ராய்டில் அந்த வசதி இருக்கிறது. தொட்ட இடத்தைத் தமிழிலேயே படித்துச் சொல்லும். போட்டுக் கொடுத்தேன். ஒரே நாளில் அணைத்துவிட்டார். மண்டியில் நாலு பேர் சுற்றி நிற்கும்போது அது "இன்றைக்கு பதினாறு" என்று கத்தினால் வியாபாரம் என்னாவது? எங்கள் தாத்தா மாடு வாங்கி விற்றவர். போச்சம்பள்ளிச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். பக்கத்தில் நிற்கும் மகனுக்கே தெரியாது. அந்த வம்சத்தில் வந்தவரிடம் விலையை ஊருக்கே வாசிக்கும் போனைக் கொடுத்தது என் தப்பு. காதில் செருகும் ஒயரும் ஆகவில்லை. பேரம் பேச இரண்டு காதும் வேண்டுமாம்.

ஆக, அவருக்கு அவரே படிக்க வேண்டும், வெயிலில், தோப்பில், யாருக்கும் தெரியாமல்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். எங்கள் பரிசோதனை மேஜையில் விழுகிற வெளிச்சம் 1000 லக்ஸ் இருக்க வேண்டும். குறைந்தால் கீறல் தெரியாது. அதை அளக்க ஒரு சின்ன லக்ஸ் மீட்டர் உண்டு, உள்ளங்கையில் அடங்கும். மேலதிகாரியிடம் கேட்டு, ஒரு சனிக்கிழமை ராத்திரி அதைப் பையில் போட்டுக்கொண்டு சூளகிரி வழியாக ஊருக்கு பஸ் ஏறினேன். ஏப்ரல் மாதம், காய் திரண்டு வருகிற நேரம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, சர்க்கரை பார்க்கும் மெஷின் என்று நினைத்துக் கையை நீட்டினாள்.

வீட்டுக் கூடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே 180 வந்தது. தோப்பில் அடர்ந்த மர நிழலில் 6,000. இரண்டு வரிசைக்கு நடுவே வெட்டவெளியில், மதியம் பன்னிரண்டேகாலுக்கு, 1,04,000. கண் தன்னைத்தானே சுருக்கிக்கொள்வதால் நமக்கு இந்த வித்தியாசம் உறைப்பதே இல்லை. கூடத்தைவிட வெளியே கொஞ்சம் வெளிச்சம் அதிகம் என்றுதான் தோன்றும். உண்மையில் 500 மடங்குக்கும் மேல். அந்த 180-க்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "திரை பளிச்சுனு இருக்குல்ல?" என்று போன் தேர்வு செய்து அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்தான். பழைய போன் என் செலக்‌ஷன்.

பழைய போன் என்று சொல்லும்போது அதற்கும் பழசு ஒன்று ஞாபகம் வருகிறது. நோக்கியா 1100, 2003-இல் வந்தது. நுனியில் டார்ச் இருக்கும், எங்கள் பக்கம் ராத்திரி தண்ணீர் கட்டப் போகிறவர்கள் எல்லாரும் வைத்திருந்தார்கள். அதை வெயிலில் படிக்க முடியவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைத் திரை, மேலே விழுகிற வெயிலையே பின்னாலிருந்து திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டியது. வெயில் ஏற ஏற எழுத்தும் தெளியும். இன்றைய திரைகள் தாங்களே ஒளி விடுகின்றன. வெயிலோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டும். போட்டியில் யார் ஜெயிப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திரை விடுகிற ஒளியை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் எல்.சி.டி. போன்கள் பொதுவாக 500 நிட்ஸ் வாக்கில் இருக்கும். இருபதாயிரம் பக்கம் போனால் அமோலெட் திரை, வெயிலில் 1000 நிட்ஸோ அதற்குக் கொஞ்சம் மேலோ. சரி, அப்படியானால் இரண்டு மடங்கு தெளிவாகத் தெரியுமா?

அன்றைக்கு வெட்டவெளியில் அப்பா போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். திரையில் முதலில் தெரிந்தது செய்தி இல்லை. அவருடைய சட்டைப் பையும் அதில் செருகியிருந்த நீலப் பேனாவும். கண்ணாடியில் பார்ப்பது போல. அப்பா அரைக்கை வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. சலவை மடிப்புக் கலையாத, நீலம் போட்ட வெள்ளை.

ராத்திரி உட்கார்ந்து உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டேன். ஒரு லட்சம் லக்ஸ் வெயில் நேராக விழுந்தால் வெள்ளைத் துணி 25,000 நிட்ஸ் அளவுக்குப் பளிச்சிடும். போனின் சாதாரணக் கண்ணாடி தன் மேல் படுவதில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஆக, சட்டையின் பிம்பமே திரை மேல் 1000 நிட்ஸ். 500 நிட்ஸ் போனில், எழுத்தின் கறுப்பு என்று நாம் நினைக்கிற இடத்தில் சட்டையின் 1000 உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் 1000-மும் 500-ம் சேர்ந்து 1500. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒன்றரை மடங்குதான் வித்தியாசம். 1000 நிட்ஸ் போன் வாங்கினாலும் இரண்டு மடங்குதான். இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கிற மாதிரி அமைக்க 2008-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டி, சாதாரணமாக 4.5 மடங்காவது வேண்டும் என்கிறது. பார்வை 6/24 அளவுக்குக் குறைந்தவர்களை மனதில் வைத்து 7 மடங்கு என்ற இன்னொரு வரம்பும் போட்டிருக்கிறது. அப்பாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது ஒன்றரை.

அதே கணக்கில் வெள்ளைச் சட்டையை எடுத்துவிட்டு அடர்த்தியான கரும்பச்சைத் துணியை வைத்தேன். பிம்பம் 100 நிட்ஸுக்கு வந்துவிடுகிறது. பழைய 500 நிட்ஸ் போனுக்கே 6 மடங்கு. 1000 நிட்ஸ் போனுக்கு 11. நீலவானத்தின் பிம்பம்கூட 200 நிட்ஸ்தான் வரும், சட்டையைவிட எவ்வளவோ தேவலை. இரண்டு தடவை சரிபார்த்தேன். தம்பி காட்டிய ஒன்றே கால் லட்சத்துக்கும் எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஏதோ ஒரு துணிக்கும் நடுவே இவ்வளவு கிட்டத்தில் போட்டி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

காலையில் அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "கலர் சட்டை போட்டுக்கலாமேப்பா?"

"மண்டிக்குப் போறவன் வெள்ளை போடணும்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

இருந்தாலும் புதுப் போன் வாங்கியே ஆக வேண்டும். பழசின் திரையில் விரிசல் வேறு. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடைக்குப் போனோம். பெட்டியில் "4500 நிட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு போனைக் கடைப் பையன் எடுத்து வைத்தான். இந்த எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். அது, திரையில் விரல்நகம் அளவு இடம் மட்டும் எரியும்போது எட்டுகிற உச்சம். படத்தில் சூரியன் மின்னுகிற காட்சிக்கு ஆகும். முழுத் திரையும் வெள்ளையாக இருக்கிற வாட்ஸாப் செய்திக்கு ஆகாது. வெயிலில் முழுத் திரை எவ்வளவு விடும் என்பதை எச்.பி.எம். என்ற பெயரில், இருந்தால், விவரக் குறிப்பில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்டேன். பையன் கூகுளில் தேடி, "1000 போட்டிருக்குதுக்கா" என்று அவனே ஆச்சரியப்பட்டான்.

கடைக்குள் 700 லக்ஸ். எல்லாப் போனும் அழகாகத்தான் இருக்கும். "தம்பி, இதை வெளியில கொண்டு போய்ப் பார்க்கணும்" என்றேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. டெமோ போனைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அப்பா தன் பழைய போனையும், ஆர்.சி. புத்தகத்தையும், வண்டிச் சாவியையும் எடுத்துக் கல்லாவில் வைத்துவிட்டு, "வேணும்னா என் பொண்ணையும் வச்சுக்கங்க" என்றார். சிரித்துவிட்டு அவிழ்த்துக் கொடுத்தார்கள், கூடவே காவலுக்கு ஒரு பையனையும் அனுப்பி. பெங்களூர் ரோட்டோரம் உச்சி வெயிலில் மூன்று போனை வரிசையாகப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் நின்றோம். ஒவ்வொன்றிலும் ஒரே வரியைத் தட்டினேன்: "பறிப்பு முடிந்தது, எண்ணம் 168, எடை 386". அப்பா படிக்க வேண்டும்.

அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. வெயிலில் முதலில் சாகிறது புள்ளி. "முடிந்தது" என்பதை "முடிநதது" போலத்தான் அவர் கண் பார்க்கிறது. பழக்கத்தில் மனசு புள்ளியைப் போட்டுக்கொள்கிறது. அடுத்தது ஒற்றைக்கொம்பின் சுழி. அப்புறம் ர-வும் துணைக்காலும் ஒன்றாகிவிடும். ஆனால் தமிழ் வார்த்தையில் ஓர் எழுத்து போனாலும் பக்கத்து எழுத்து காப்பாற்றிவிடும். எண்ணுக்குத்தான் யாரும் துணையில்லை. 6, 8, 3 மூன்றும் வெயிலில் ஒரே உருண்டை. போன் பார்க்கப் போகிறவர்கள் படத்தையும் வால்பேப்பரையும் பார்க்காமல் 386-ஐயும் 868-ஐயும் தட்டிப் பாருங்கள். அந்தக் கடையில் மிக விலை கூடிய போனில் அப்பா 386-ஐ 366 என்றார். நடுத்தர விலைப் போன் ஒன்றில் சரியாகச் சொன்னார். காரணம் திரை இல்லை. அதில் கடைக்காரர்கள் டெம்பர் கிளாஸ் ஒட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். கிளாஸ் நன்றாக ஒட்டாமல் நடுவில் காற்று நின்றால், ஒளியைத் திருப்பி அனுப்ப இன்னும் இரண்டு பரப்பு சேர்ந்துவிடுகிறது.

20,000-க்குக் கொஞ்சம் குறைவாக ஓர் அமோலெட் போனை எடுத்தோம். கைரேகை பார்க்கும் இடம் பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கிற மாதிரி பார்த்தேன். மாம்பால் பட்டுத் தோல் உரிந்த விரலைத் திரைக்கு அடியில் இருக்கும் ஒளி சென்சார் நல்ல வெயிலில் அடையாளம் கண்டுபிடிப்பது சிரமம்.

டெம்பர் கிளாஸ் விஷயத்தில் ஒரு தப்பு நானும் செய்தேன். மினுமினுப்பே இல்லாத மேட் கிளாஸ் 150 ரூபாய்க்கு வாங்கி ஒட்டினேன். வீட்டுக்குள் அருமை, ஜன்னல் பிம்பம்கூட விழவில்லை. தோப்புக்கு எடுத்துப் போனால் திரை முழுக்க மோர் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. பிம்பத்தைச் சிதறடிப்பதுதான் அதன் வேலை. நேர் வெயிலையும் அப்படியே திரை முழுக்கச் சிதறடித்துவிடும். அன்றைக்கே உரித்தேன். பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் இருக்க ஒட்டும் பிரைவசி கிளாஸ் இன்னும் மோசம், திரையின் ஒளியில் கணிசமாக அதுவே விழுங்கிவிடும். துண்டுக்குள் விலை பேசிய வம்சத்துக்கு அதுதான் சரியென்று முதலில் நினைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

செட்டிங்கில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். தானியங்கி வெளிச்சத்தைப் போட்டுவிட்டேன். பழைய போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று அப்பா அதை அணைத்து, கோட்டை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். பல போன்களில் அந்த எச்.பி.எம். உச்சம், தானியங்கி போட்டிருந்தால்தான் வரும். கையால் எவ்வளவு இழுத்தாலும் வராது. இன்னொன்று, மூடி வைத்த பர்ஸ் மாதிரிப் பவுச். அதன் மடிப்பு, திரைக்கு மேலே இருக்கும் வெளிச்ச சென்சாரை மறைத்துக்கொண்டிருந்தது. வெட்டவெளியில் நின்றாலும் போன் தான் நிழலில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம். எழுத்தின் அளவைப் பெரிதாக்கியதைவிட, தடித்த எழுத்து என்ற வசதியைப் போட்டது அதிகம் உதவியது.

கறுப்புப் பின்னணி கண்ணுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெயிலில் அது கண்ணாடிதான். முகம் பார்த்துச் சீவலாம். பகலில் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. ராத்திரியில் அதே வெள்ளை, லேசர் வைத்த கண்ணைக் கூச வைக்கும். அதனால் சூரியன் மறைந்ததும் கறுப்புக்கு மாறி, விடிந்ததும் வெள்ளைக்கு வருகிற மாதிரி நேரம் வைத்துவிட்டேன். ஆண்ட்ராய்டிலேயே அந்த வசதி இருக்கிறது.

மே மாதம் இரண்டு போன் வந்தது அப்பாவிடமிருந்து. முதலாவது, "போன் செத்துப் போச்சு பாப்பா, கறுப்பா கிடக்குது". விசாரித்தால், ஹைவே ஓரம் விற்கிற கூலிங் கிளாஸ் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார், போலரைஸ்டு. திரையிலிருந்து வரும் ஒளி ஒரு திசையில் அதிரும். அந்தக் கண்ணாடி வேறு திசையை மட்டும்தான் விடும். இரண்டும் குறுக்கே நின்றால் இருட்டு. "போனைப் படுக்க வச்சுப் பிடிங்கப்பா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அட, உசுரு வந்துடுச்சு!"

இரண்டாவது, மதியம் ஆனால் திரை தானாக மங்கிவிடுகிறது என்று. அது சூடு. போன் ஓர் அளவுக்கு மேல் சுட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வெளிச்சத்தைத்தான் குறைக்கும். வண்டி டேங்க் கவரில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். கறுப்பு ரெக்சின், மே மாத வெயில். இப்போது சோற்றுத் தூக்கு வைக்கும் துணிப் பைக்குள் தண்ணீர் பாட்டிலை ஒட்டிக் கிடக்கிறது.

இதெல்லாம் செய்தும் சட்டை மட்டும் வெள்ளைதான். ஒரு துண்டையாவது தலையில் போட்டு, அதற்குள் போனை வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் தோளில் எப்போதும் கிடப்பதும் வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளை, வெயில் ஊடுருவி உள்ளேயும் வெளிச்சம். கறுப்பு வாங்கித் தருகிறேன் என்றால், "எந்தக் கட்சின்னு கேப்பானுங்க" என்றார். கருநீலம் என்றால் அதற்கும் ஒரு கேள்வி வருமாம். சிவப்பைப் பற்றி நான் பேசவே இல்லை. நம் ஊரில் மனுஷன் வியர்வை துடைக்கிற துணிக்கும் கொள்கை உண்டு.

கடைசியில் அம்மாதான் பீரோ அடியிலிருந்து எடுத்தாள். மாங்காய்க்கு விலை கேட்டு விவசாயிகள் நடத்திய ஓர் ஆர்ப்பாட்டத்துக்குப் போனபோது எல்லோருக்கும் கொடுத்தது. கரும்பச்சை, நல்ல கெட்டி நெசவு. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்முதுதானே" என்று தோளில் போட்டுக்கொண்டார். லக்ஸ் மீட்டரை மறுபடி கேட்க வெட்கமாக இருந்ததால் துண்டுக்குள் அளக்கவில்லை.

இந்த வருஷம் ஜூன் இரண்டாவது ஞாயிறு நானும் தோப்பில் இருந்தேன். அதே பெங்களூரா, அதே பதினொன்றரை மணி வெயில். பறிக்கிறவர்கள் மரத்திலிருந்து வலைக் கொக்கியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். போன் சிணுங்கியது. அப்பா துணிப் பையிலிருந்து எடுத்து, விரலில் இருந்த பாலை வேட்டியில் துடைத்துவிட்டு, பச்சைத் துண்டை நெற்றிக்கு மேலே இழுத்து முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு குனிந்தார். போனும் கையும் துண்டுக்குள் மறைந்துவிட்டன. பக்கத்துத் தோப்புக்காரர் வரப்பிலிருந்தே, "மாமா, இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

துண்டுக்குள் விரல் அசைந்தது. படித்துவிட்டார் என்று தெரிந்தது.

"இன்னும் வரல மாப்ள" என்றார் அப்பா, நிமிராமல்.